மூன்று பக்கிள்

மன்னியுங்கள் சார், நீங்களும் சென்னை விமானத்துக்குத்தானே? உங்கள் போர்டிங் பாஸை எட்டிப் பார்த்துவிட்டேன். தப்புத்தான். இருபத்து மூன்று பி, நடு இருக்கை. எனக்கு ஏ, ஜன்னல். சி-யில் உட்காரப்போவது என் மனைவி. அதோ, கண்ணாடிச் சுவர் ஓரமாக, பச்சைத் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். கழுத்தில் பவளப்பாறை கீறிவிட்டது, அதற்குத்தான் இந்த வெக்கையிலும் துப்பட்டா. உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் நீங்கள் ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். நான் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஜன்னலை விட்டுவிட்டு நடு இருக்கையைக் கேட்டு வாங்கும் மனிதனை இப்போதுதான் பார்க்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள், பரவாயில்லை.

புருஷன் பெண்டாட்டிக்கு எப்படி இடம் பிரிந்தது என்றுதானே யோசிக்கிறீர்கள்? கவுன்ட்டரில் இருந்த பெண், பக்கத்துப் பக்கத்தில் போடட்டுமா என்றுதான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். எனக்கு நடைபாதை ஓரம், ஞானவேலுக்கு ஜன்னல் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். ஞானவேல் நான்தான்.

அதுதான் சார் விஷயமே. இடம் பிரிந்தது இல்லை. ஞானவேல் என்றாளே, அது.

உட்காரலாமா? விமானம் தாமதம் என்று போர்டில் போட்டிருக்கிறான். உங்களுக்கும் வேறு வேலை இல்லை என்று நினைக்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். திருச்சிப் பக்கம். இத்தனை வருடத்தில் தமயந்தி என் பெயரைச் சொன்னதே இல்லை. “ஏங்க”, அவ்வளவுதான். ஏதோ பழங்காலத்து ஆள் என்று என்னை எடைபோட்டுவிடாதீர்கள். பதினெட்டு வருடம் அமெரிக்காவில், மினசோட்டாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன் நான். அங்கே நம் ஆட்கள் வீட்டிலேயே எல்லாப் பெண்களும் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். “ரகு, குப்பையை வெளிய வெச்சியா?” என்பார்கள். ரகுவும் வைப்பான். நானே இவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், நீயும் ஞானா என்று கூப்பிடேன், குடி ஒன்றும் முழுகிவிடாது என்று. “வாய்ல வரமாட்டேங்குதுங்க” என்பாள்.

என் மகள் பிறக்கும்போது பிரசவ அறையில் நர்ஸ் கேட்கிறாள், கணவர் பெயர் என்ன என்று. வலியில் கட்டில் கம்பியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கிறாள், அப்போதும் பெயர் வரவில்லை. என்னைப் பார்த்து விரலை நீட்டி “ஹிம்” என்றாள். நர்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தக் கதையை நான் சொல்லாத விருந்து மினசோட்டாவில் கிடையாது. என்னைவிட்டால் அதைச் சொல்லிச் சிரிக்க வைக்க ஆளும் கிடையாது.

ஒரு நிமிடம்.

இல்லை, இல்லை. அந்த அம்மா அவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். சென்னை விமானம் பாருங்கள், “ஏங்க” என்று ஒரு குரல் எழுந்தால் நாலு பேர் திரும்புகிறோம். பழக்கதோஷம்.

எங்கே விட்டேன்? ஆங், அப்படிப்பட்டவள் நேற்று நடுக்கடலில் அத்தனை வெள்ளைக்காரர்களுக்கு நடுவே என் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டாள். வெறும் பெயர்கூட இல்லை. “ஞானவேல், விடு!” வாங்க, போங்க எல்லாம் போயிற்று. விடு. நாயிடம் சொல்வது மாதிரி.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

மொரீஷியஸ் வந்தால் எல்லாரும் போகிறார்களே, அந்தப் பாய்மரப் படகுதான். கேட்டமரான். இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு உடல், நடுவில் தளம், முனையில் படுத்துக்கொள்ள வலை கட்டியிருக்கிறார்கள். காலையில் ஏற்றிக்கொண்டு, பாயை விரித்து வடக்கே ஒரு சின்னத் தீவுக்குப் போய், பவளப்பாறை இருக்கிற இடத்தில் நங்கூரம் போடுவார்கள். கண்ணுக்கு மாஸ்க், வாயில் மூச்சுக்கு ஒரு குழாய், காலில் ரப்பர் துடுப்பு. முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி மிதந்துகொண்டே மீன் பார்க்கலாம். அப்புறம் சாப்பாடு, பாட்டு, சாயங்காலம் கரை.

கேட்டமரான் நம் சொல், தெரியும் இல்லையா? கட்டுமரம். படகில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதை எடுத்துச் சொன்னேன். லியோன் நகரத்திலிருந்து ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்றவர், மனைவியோடு வந்திருந்தார். அவர் வாயைப் பிளந்து கேட்டார். படகோட்டிக்குப் பெயர் சிவராமன். பெயர் மட்டும்தான் தமிழ். பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் வந்தவர்கள், பேசுவதெல்லாம் கிரியோலும் பிரெஞ்சும். அவருக்கே அவர் ஓட்டுகிற படகின் பெயரை விளக்கினேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் ஏறிய பத்தாவது நிமிடம் இதைத்தான் சொல்வார்கள் என்று அப்புறம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இவள் அப்போது எங்கே இருந்தாள் என்கிறீர்கள்? முன்னால் வலையில். இன்ஜினை நிறுத்திப் பாயை ஏற்றினார்கள். திடீரென்று ஒரு சத்தமும் இல்லை, காற்று மட்டும். வலைக்கடியில் தண்ணீர் ஓடுகிறது, மேலே இவள் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு மல்லாக்கப் படுத்திருக்கிறாள். அலை அடித்து நனைக்கிற ஒவ்வொரு தடவையும் “ஐயோ!” என்று சத்தம் போட்டுச் சிரிப்பு. நாற்பத்தாறு வயது சார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போய் மெதுவாகச் சொன்னேன், “எல்லாரும் பாக்கறாங்க, முடிய கட்டு.”

“யாருங்க பாக்கறா? அவங்கவங்க அவங்கவங்க பாட்டுக்கு இருக்காங்க.”

ஆனாலும் கட்டிக்கொண்டாள். சொன்னால் கேட்பவள்தான்.

அதோடு விட்டதா? பல் டாக்டர் மனைவிக்குக் குமட்டல் எடுத்துவிட்டது. இவள் பையைத் திறந்து நாரத்தங்காய் பாட்டிலை எடுக்கிறாள். உப்பு நாரத்தங்காய்! மொரீஷியஸ் கடலில், கேட்டமரானில். “ஒரு துண்டு வாயில அடக்கிக்கச் சொல்லுங்க” என்று என்னை மொழிபெயர்க்கச் சொல்கிறாள். பாட்டில் மூடியில் பழைய காபித்தூள் கம்பெனி பெயர் வேறு. நான் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளே கையால் ஜாடை காட்டி அந்த அம்மாள் வாயில் ஒரு துண்டைப் போட்டாள். அந்த அம்மாள் முகம் போன கோணலைப் பார்க்க வேண்டுமே! ஆனால் குமட்டல் நின்றுவிட்டது என்று வையுங்கள். அப்புறம் அந்த அம்மாள் இவளை விட்டு நகரவே இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது, என்னதான் பேசினார்களோ.

உடை வேறு. மற்றவர்கள் எல்லாம் நீச்சல் உடையில். இவள் முழங்கால் வரை ஒரு பழைய குர்தா, கீழே லெகிங்ஸ். அதன் மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், மார்புக்குக் குறுக்கே வாரைப் பூட்டுகிற மூன்று பக்கிள். சாலை போடுகிற இடத்தில் நிற்பார்களே, அந்த மாதிரி இருந்தாள். “உனக்குத்தான் நீச்சல் கத்துக்குடுத்தாச்சே, எதுக்கு இந்த வேஷம்?” என்றேன். எங்கள் அடுக்ககத்தில் நீச்சல் குளம் இருக்கிறது, காலையில் பெண்களுக்கென்று தனி நேரம். திரும்பி வந்த பிறகு அங்கே போய்க் கற்றுக்கொண்டாள். ஒரு நாளும் நான் போய்ப் பார்த்ததில்லை. நாலு பேர் சேர்ந்து முங்கி எழுந்துவிட்டு வருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

“கடல் வேறங்க, குளம் வேற. நீங்களும் ஒண்ணு போட்டுக்கங்க.”

“எனக்கா?”

சிவராமனும் கேட்டார், உங்களுக்கு நன்றாக நீந்த வருமா என்று. மினசோட்டாவில் பத்தாயிரம் ஏரி இருக்கிறது தெரியுமா என்றேன். அதில் ஒன்றில்கூட நான் கால் நனைத்ததில்லை என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நீந்துவேன் சார். ஆபீஸ் ஜிம்மில் குளம் இருந்தது. மார்பளவுத் தண்ணீர், அடியில் நீலக் கோடு போட்டிருக்கும். கோட்டைப் பார்த்துக்கொண்டே போவேன், கோட்டைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

இரண்டு இரண்டு பேராகக் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள், ஜோடியை விடாதீர்கள் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு நன்றாக இருந்தது. கீழே ஒரு பூந்தோட்டம். மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட மீன்கள் கூட்டம் கூட்டமாக, நாம் இருப்பதையே சட்டை செய்யாமல் போகின்றன. இவள் ஒவ்வொரு மீனுக்கும் என் கையை அமுக்கினாள். ஒரு அமுக்கு என்றால் அங்கே பார். இரண்டு என்றால் இன்னும் அழகாக ஒன்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்களுக்குள் தானாக அமைந்துவிட்டது. மினசோட்டாவிலும் திருச்சியிலுமாக எத்தனை வருடம்! அவள் என்னிடம் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது கிடையாது.

பிறகு ஓர் இடத்தில் தரை முடிந்துவிட்டது.

எப்படிச் சொல்வது… பாறை அப்படியே செங்குத்தாக இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம் கீழே ஒன்றுமே இல்லை. வெறும் நீலம். கோடு கிடையாது, அடி கிடையாது. எனக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் காலை வைத்தது மாதிரி இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தேன், காற்றுக்குப் பதில் உப்புத் தண்ணீர் வந்தது. குழாய் மட்டம் சரியில்லை சார். மாஸ்க்கும் பழசு. கால் துடுப்பு என் அளவுக்கு ஒரு அளவு பெரிது, ஏறும்போதே சொன்னேன்.

அப்போது நான் அவளைப் பிடித்தேன்.

பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீரில் யாரும் செய்வதுதான். கிடைத்ததைப் பிடிப்பார்கள். கிடைத்தது அந்த ஜாக்கெட். இப்போது விமானத்தில் ஏறியதும் என்ன சொல்லப்போகிறார்கள்? முதலில் உங்கள் மாஸ்க்கைப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் பக்கத்தில் இருப்பவருக்கு உதவுங்கள் என்றுதானே? சட்டமே அப்படித்தான் இருக்கிறது. நான் மூச்சு வாங்கிக்கொண்டால்தானே அவளைப் பார்க்க முடியும்? என் தலை மேலே வந்தது. காற்று. இன்னும் கொஞ்சம் மேலே ஏறினேன், இன்னும் காற்று. எதன் மேல் ஏறுகிறோம் என்று அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள்?

அப்போதுதான் அந்தக் குரல். “ஞானவேல், விடு!”

எனக்கு முதலில் வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. அவள் குரலில் என் பெயர் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாதே.

அடுத்து நான் பார்த்தபோது கைகள் இரண்டும் ஜாக்கெட்டைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. ஜாக்கெட்டுக்குள் ஆள் இல்லை.

நெஞ்சே நின்றுவிட்டது சார். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா? நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், கொஞ்சம் தள்ளி இவள் தலை எழும்புகிறது. குர்தா உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் நிதானமாக, கையை வீசி வீசி, படகின் ஏணியைப் பார்த்து நீந்திப் போகிறாள். நேர்கோட்டில். பெண்கள் நேரத்தில் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஜாக்கெட்டின் மேல் மார்பை வைத்துக்கொண்டு, காலை உதைத்து உதைத்துப் பின்னாலேயே போனேன்.

இப்போது படகிலிருந்து பார்த்தவர்கள் கண்ணால் பாருங்கள். முன்னால் ஒரு பெண் ஜாக்கெட் இல்லாமல் தத்தளித்து வருகிறாள். பின்னால் அவள் புருஷன், தனக்கென்று ஒரு ஜாக்கெட்கூடப் போட்டுக்கொள்ளாத மனிதன், அவளுடைய ஜாக்கெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு துரத்தி வருகிறான். ஏணியில் ஏறுகிறேன், படகு முழுக்கக் கைதட்டல்! ஒருவர் துவாலை போர்த்துகிறார், ஒருவர் முதுகைத் தட்டுகிறார். பல் டாக்டர் என் கையில் ரம் டம்ளரைத் திணித்துவிட்டுத் தன் மனைவியைப் பார்த்து, “பார்த்துக்கொள், புருஷன் என்றால் இவன்” என்றார். அவர் அரைகுறை இங்கிலீஷில் சொன்னார், எல்லாருக்கும் புரிந்தது.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பாற்றினேன் என்று நானாகச் சொல்லவே இல்லை. எனக்கு இருமல். இருமுகிறவன் என்ன விளக்கம் கொடுப்பான்?

சிவராமன்தான் இவளிடம் கேட்டார், ஜாக்கெட் தானாகக் கழன்றுவிட்டதா என்று. இவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கோபமாக எல்லாம் இல்லை. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு ஒரு டீச்சர் நிற்பாரே, அந்த மாதிரி, காத்துக்கொண்டு நின்றாள். நேரம் கொடுத்தாள் சார். நிறையவே கொடுத்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். ரம்மில் ஒரு எலுமிச்சைத் துண்டு மிதந்துகொண்டிருந்தது.

“லூஸா இருந்துச்சு போல” என்றேன் கடைசியில். இங்கிலீஷில்.

கழுத்தில் என்ன என்று பல் டாக்டர் மனைவி பதறினார். பவளப்பாறை என்றேன்.

சிவராமன் அந்த ஜாக்கெட்டை எடுத்து, டக், டக், டக் என்று மூன்று பக்கிளையும் போட்டு இழுத்துப் பார்த்தார். உறுதியாகத்தான் இருந்தது. மறுபடி இழுத்தார். தலையை ஆட்டிக்கொண்டே, இதை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று தன் ஆளிடம் சொல்லிக் குப்பைக்குப் போகிற சாமான்களோடு போடச் சொன்னார். நல்ல ஜாக்கெட். புதுசு. கரைக்குத் திரும்புகிற வரை அது என் கண்ணெதிரே காலி பாட்டில்களோடு கிடந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னவோ, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு… ஒரு மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

சாப்பாட்டின்போதுதான் இவள் ஆரம்பித்தாள். எதிரே உட்கார்ந்து, சாதாரணமான குரலில், “ஞானவேல், அந்தச் சாஸ எடுங்க” என்றாள். பாருங்கள், ‘எடுங்க’ திரும்ப வந்துவிட்டது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி கேட்பது மாதிரி. பாய் விரித்துத் திரும்புகிறோம், காற்று அதேதான், இவள் மறுபடி முன்னால் வலையில் போய்ப் படுத்தாள். முடியை அவிழ்த்துவிட்டாள். நான் போய் ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்புச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை.

சாயங்காலம் ஹோட்டலில் மகளோடு வீடியோவில் பேசினோம். ஆதிரை பெங்களூரில் படிக்கிறாள். நான்தான் சொன்னேன், அம்மாவின் ஜாக்கெட் கழன்றுவிட்டது, நான் பிடித்துக்கொண்டேன் என்று. அவள் கேட்டதால் சொன்னேன். ஏன் கேட்டாள் என்றால், எங்கள் படத்தைப் பல் டாக்டர் எனக்கு அனுப்பியிருந்தார், நான் அவளுக்கு அனுப்பியிருந்தேன். ஏணிக்குப் பக்கத்தில், கையில் ஜாக்கெட்டோடு நான்.

“அப்பா ஹீரோ போல! அம்மா, நிஜமாவா?”

இவள் போனுக்குள் முகத்தைக் காட்டி, “ஆமாடி. ஞானவேல் ஜாக்கெட்டக் கடைசி வரைக்கும் கைய விட்டு விடல” என்றாள்.

மகளுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. “அம்மா! அப்பாவப் பேர் சொல்லிக் கூப்பிடற! வாவ்! எப்பலேருந்து?”

“இன்னைலேருந்து.”

மகளுக்கு ஒரே சந்தோஷம். அம்மா முன்னேறிவிட்டாளாம். கைதட்டுகிறாள். நேற்று ஒரு நாளில் எத்தனை கைதட்டல் சார்.

…ம்? இல்லை, அது அந்தச் சிவப்புப் புடவை அம்மா. அவர் வீட்டுக்காரர் எழுந்து போகிறார் பாருங்கள், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு. “ஏங்க” என்றதும் கிளம்பிவிட்டார். கொடுத்துவைத்தவர்.

நான் கேட்டுவிட்டேன் சார். இன்று காலை டிபன் சாப்பிடும்போது. இரண்டு இட்லி கிடைக்காத ஊரில் பப்பாளித் துண்டுகளைத் தட்டில் உருட்டிக்கொண்டு, “இதுக்கு ஒரு முடிவு சொல்லு. அத்தன பேர் முன்னாடி ‘விடு’ங்கற. இப்ப என்னவோ புதுசா பேர் சொல்லிக் கூப்பிடற. ஊருக்குப் போனா எங்கம்மா முன்னாடியும் இப்படித்தானா?” என்றேன்.

அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள், “நீங்கதான் கூப்பிடச் சொன்னீங்க.”

“எப்பவோ சொன்னேன். இத்தன வருஷம் வராதது நேத்து எப்படி வந்துச்சு?”

“முதல்ல ஏங்கன்னுதான் கூப்பிட்டேன். ரெண்டு தடவ. உங்களுக்குக் கேக்கல. பேரச் சொன்னா ஆள் திரும்புவாங்கன்னு தோணுச்சு. சொன்னேன். அப்பவும் நீங்க திரும்பல. அப்புறம்தான் கழட்டினேன்.”

அவ்வளவுதான். தேநீரைக் குடித்துவிட்டு, சட்டைக்குப் பட்டன் போடாமல் வந்திருக்கிறேன் என்று சுட்டிக்காட்டிவிட்டு எழுந்து போனாள்.

நீங்களே சொல்லுங்கள், இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? இரண்டு தடவை கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை. காதில் தண்ணீர். நான் சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால்…

கேட்டிருந்தால் விட்டிருப்பேனா என்று நீங்கள் கேட்கவில்லை. நல்ல மனிதர். நானும் அதைக் கேட்டுக்கொள்ளாமல்தான் இருந்தேன், இப்போது உங்களோடு பேச உட்காரும் வரை.

அந்தப் பக்கிள் இருக்கிறதே சார், அது லேசில் கழலாது. இரண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்தினால்தான் விடும். படகில் எனக்குத் துவாலை கொடுத்தபோது ஜாக்கெட் என் மடியில்தான் இருந்தது, நான் பார்த்தேன். மூன்றும் திறந்திருந்தன. பதற்றத்தில் ஒன்றைத் திறக்கலாம். கை தவறி இரண்டாவதும் திறக்கலாம். மூன்றாவதற்கு நிதானம் வேண்டும். தண்ணீருக்குள்ளே, தலைக்கு மேல் ஒருவன் ஏறி நிற்க, அவள் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக அழுத்தியிருக்கிறாள். மிதக்கவைப்பது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். அதை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அடியில் இறங்கிப் போனால்தான் என்னிடமிருந்து போக முடியும் என்று முடிவு செய்திருக்கிறாள். மூன்றாவது பக்கிளில் விரலை வைத்தபோது என்ன நினைத்திருப்பாள்?

அதை அவளிடம் கேட்கத்தான் பக்கத்து இருக்கை வேண்டும் என்று நினைத்தேன். ஏழு மணி நேரம் அவள் எங்கேயும் எழுந்து போக முடியாது பாருங்கள். பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்போது வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அது எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது.

இல்லை சார், வேண்டாம். பாஸை நீட்டாதீர்கள். உள்ளே வையுங்கள். நடு இருக்கை உங்களுடையதுதான். அவளாகப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னால் சொல்லட்டும். நீங்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். அவள் தூங்கும்போது துப்பட்டா விலகினால் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள். பவளப்பாறை கழுத்து உயரத்துக்கு வளராது, அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் சொன்னபோதே தெரிந்திருக்கும். இதோ பாருங்கள் என் கையை. நேற்று ராத்திரியே நகத்தை எல்லாம் ஒட்ட வெட்டிவிட்டேன். எதற்கு வெட்டினேன், சொல்லுங்கள்?

வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் எழுந்துவிட்டாள். பையை அவளே தூக்கிக்கொண்டாள், என்னுடையதையும் சேர்த்து. இங்கேதான் பார்க்கிறாள். கூப்பிடப்போகிறாள், இருங்கள்.

“ஞானவேல்!”

கேட்டதா? இத்தனை புருஷன்மார் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர் தலைகூடத் திரும்பவில்லை பாருங்கள். நான் மட்டும்தான் திரும்பினேன்.